மருமகள் வண்டிக்கு நான் சொன்ன டயர்

டயர் விஷயத்தில் எங்கள் மலையூர் மஞ்சூரில் என்னை எதிர்த்துப் பேசியவர்கள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இதையும் ஒரு நாளைக்கு அரைப் பக்கம், முக்கால் பக்கம் என்றுதான் எழுதுகிறேன். அப்படிப்பட்டவளிடம் பஸ் டிரைவரும் தேயிலைக் கொழுந்து லாரிக்காரரும் எஸ்டேட் ஜீப்காரரும் வந்து, "அக்கா, இதப் போடலாமா?" என்று கேட்டுவிட்டு, நான் தலையை ஆட்டும் வரைக்கும் நிற்பார்கள். முப்பது வருஷமாக நிற்கிறார்கள்.

கடை என் வீட்டுக்காரர் வைத்தது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, காற்று பிடிக்கும் மிஷின், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, சுவரில் தொங்கும் டயர்கள். அவர் போன பிறகு இவள் கடையை மூடிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. ரிம்மிலிருந்து டயரை நெம்பிக் கழற்ற எனக்கும் இரண்டு கை இருந்தது.

டயரில் அச்சடித்திருப்பதை நான் பார்ப்பதில்லை. பார்த்தாலும் புரியாது. என் முறை வேறு. காலையில் வெயில் விழுவதற்கு முன்னால் டயரை வெளியே எடுத்து வைத்து, அரைமணி நேரம் குளிரில் கிடக்கவிடுவேன். அப்புறம் ஓரத்து ரப்பரில் வலது பெருவிரல் நகத்தை வைத்து அழுத்துவேன். நகம் கொஞ்சம் இறங்கி, எடுத்ததும் அந்தத் தடம் மெதுவாக மறைந்தால் நல்ல டயர். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது கல். கல்லை நம்பி கெத்தை மலைரோட்டு வளைவுகளில் பஸ் இறக்க முடியாது. வெயிலில் மட்டும் பார்க்கவே கூடாது. வெயில் பட்டால் எந்த ரப்பரும் நல்லவன் மாதிரி நடிக்கும். இங்கே காலை முதல் பஸ் பனியில்தான் கிளம்புகிறது. பனியில் பிடிப்பதுதான் டயர். ஒரு லாரிக்காரர், "அக்கா நகத்துக்கு ஆர்.டி.ஓ. சீல் அடிச்சுக் குடுக்கோணும்" என்பார். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மருமகள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. காரமடைப் பக்கத்துப் பெண். எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு ஊசி போடவும் கட்டுக் கட்டவும் பைக்கில்தான் போவாள், வருவாள். ஸ்கூட்டர் இல்லை, நல்ல கனமான பைக். முதல் வருஷம் எனக்கு அது பிடிக்கவில்லை. மழை நாளில் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணிடம் ஜீப்புக்கு முன்னால் இவள் போய் நின்றதைக் கேட்ட பிறகு, அந்த வண்டிக்கு நானே டயர் பார்த்து மாட்ட ஆரம்பித்தேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, கோயமுத்தூருக்கு அக்கட்டால ரேஸ் ரோடு ஒண்ணு இருக்குதுங்க. பேரு குடுத்தா நாமளும் ஒரு நாள் பூரா ஓட்டலாம். ட்ராக் டேன்னு சொல்லுவாங்க."

"ரேஸா?"

"ரேஸ் இல்லீங்க. சும்மா சுத்தறது."

"பரிசு கிரிசு உண்டா?"

"இல்லீங்க."

"எந்த ஊருக்குப் போவுது அந்த ரோடு?"

"எங்கியும் போவாதுங்க. சுத்திச் சுத்தி அங்கியே வந்துரும்."

"அப்பறம் என்னத்துக்கு அம்மிணி?"

கீரையை உருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "எதுக்கால ஒண்ணும் வராதுங்கத்தை."

எனக்கு அது புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் மறுத்திருப்பேன். எங்கள் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு பனிக்குள்ளிருந்து திடீரென்று வரும். ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் பள்ளம். ஆறு வருஷமாக அதில் தினமும் போய் வருகிறவளுக்கு, எதிரே ஒன்றும் வராத ரோட்டில் ஒரு நாள் ஓட்ட ஆசை வரக் கூடாதா?

"போ. ஆனா டயரு நான்தான் பாப்பேன். நான் பாக்காத டயர்ல நீ போவக்கூடாது" என்றேன்.

அந்தச் சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது. அன்றைக்கு அது தெரியவில்லை.

மகனுக்குத் தெரிந்த கோயமுத்தூர்க் கடைக்காரர் இரண்டு ஜோடி டயர் பஸ்ஸில் அனுப்பி வைத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கீழே வரும்போது திருப்பித் தர வேண்டும். ஒரு ஜோடியில் பள்ளம் பள்ளமாக நிறைய வரி ஓடியது. இன்னொன்றில் வரியே இல்லை என்று சொல்லலாம். ஓரம் முழுக்க மொட்டை. நாலையும் ராத்திரிப் பனியில் வெளியே போட்டு, காலையில் நகத்தை வைத்தேன். வரி போட்டதில் நகம் அழகாக இறங்கியது. மொட்டையில் வழுக்கிக்கொண்டு போனது. அடுப்படிக் கருங்கல்லே தோற்றுப்போகும்.

மருமகள் பக்கத்தில் குந்தியிருந்தாள். மொட்டை டயரின் ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்து, போனில் எதையோ படித்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "இது ட்ராக்குக்குன்னே செஞ்சதுன்னு போட்டிருக்குதுங்கத்தை. சூடானாத்தான் பிடிக்குமாம்."

"சூடானாத்தான் பிடிக்கும்னா, சூடாகறதுக்குள்ள நீ எந்தப் பள்ளத்துல கெடப்பே?"

"அங்க பள்ளம் இல்லீங்க..."

"எழுதறவன் ஆயிரம் எழுதுவான். ரப்பரு சொல்றதக் கேளு."

அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் கொட்டகைத் தகரத்தில் எங்கே ஓட்டை என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தான். "சரிங்கத்தை" என்றாள். நானே லீவர் போட்டு வரி டயரை மாட்டினேன். காற்றும் நானே வைத்தேன். அடுத்த ஒரு வாரம் தூறலிலும் பனியிலும் அதை ஓட்டிவிட்டு வந்து, "அட்டை மாதிரி ஒட்டுதுங்கத்தை" என்றாள். பொய் இல்லை, ஒட்டத்தான் செய்தது. கடைக்கு வந்த இரண்டு டிரைவர்களிடம் அதைச் சொல்லவும் சொன்னேன்.

போகிற நாளில் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். மகனின் பழைய பிக்கப் வண்டி. பின்னால் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டி, திருப்பித் தர வேண்டிய மொட்டை டயர்களையும் அதன் பக்கத்தில் போட்டோம். மருமகள் நடுவில் உட்கார்ந்தாள், நான் ஜன்னலோரம். அந்தப் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியே இருந்து யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு. பர்லியார் தாண்டும்போதே ஸ்வெட்டரைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. ரேஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை, தரையில் கால் வைக்க முடியவில்லை.

அங்கே வரிசையாகக் கொட்டகைகள். ஆளுக்கு ஒரு பாதி. எங்கள் கொட்டகையின் மறு பாதியில் ஒரு திருப்பூர்க்காரர். என் மகனைவிடப் பத்து வயசு மூத்தவர், நல்ல தொப்பை, சிவப்பு வண்டி. கொட்டகைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. ஓட்டுகிறவர்களைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது என்று விசில் வைத்திருந்த ஒருவர் எனக்குத் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பி வேலி. வேலி வழியாகப் பார்த்தால் மொத்த ரோட்டில் ஒரே ஒரு வளைவுதான் தெரியும். மற்றதெல்லாம் சத்தம்.

மருமகள் இரவல் வாங்கிய தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். முட்டி மடக்கவே கஷ்டப்பட்டாள். திருப்பூர்க்காரர் அவள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து டயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்கம்மிணி, இந்த டயர்ல ஊட்டிக்கு டூர் போலாமுங்க. இங்க என்னத்துக்குங்க இது?"

"ஊட்டிப் பக்கமிருந்துதானுங்க வர்றோம்" என்றாள் மருமகள். முகம் சிவந்துவிட்டது. "இது எங்க மாமியா பாத்துக் குடுத்த டயருங்க. முப்பது வருசமா மலையில பஸ்ஸு, லாரிக்கெல்லாம் அவியதான் பாக்கறாங்க. அவிய நகம் வெச்சா வெச்சதுதான்."

"அப்ப சரிங்க" என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "காத்தையாவது சித்த எறக்கிக்கோங்க."

"காத்தும் நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவர் தன் வண்டிப் பக்கம் போய்விட்டார். என் மருமகள் நாலு பேர் நடுவில் என்னைத் தூக்கிப் பேசியதில் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

முதல் ரவுண்டு கால்மணி நேரம். வேலி வழியாகத் தெரிந்த வளைவில் அவள் ஆறோ ஏழோ தடவை போனாள். நன்றாகத்தான் சாய்ந்து போனாள். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது, எனக்கு முதலில் வந்தது வாடை. பிரேக் பிடித்துப் பிடித்துக் கெத்தையில் இறங்கி வரும் லாரியின் டயர் வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. குனிந்து பார்த்தேன். பின் டயரின் ஓரம் முழுக்க, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது உடம்பில் அழுக்கு உருண்டு வருமே, அப்படி உருண்டு உருண்டு நின்றது. ஓர் இடத்தில் பிய்ந்திருந்தது. கையை வைத்தேன். பாகு பதம் தப்பிய அல்வா மாதிரி வழவழவென்று நகர்ந்தது.

"எப்பிடி இருக்குது அம்மிணி?"

"நல்லாருக்குங்கத்தை."

தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க அவளுக்கு இரண்டு தடவை வழுக்கியது. மகன் வாங்கித் திறந்து கொடுத்தான்.

நான் எழுந்து பிக்கப்புக்குப் பின்னால் போனேன். மொட்டை டயர்கள் வெயிலில் கிடந்தன. சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒன்றில் நகத்தை வைத்தேன். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. எடுத்தபோது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடையில் கல்லாகக் கிடந்த அதே டயர்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். திருப்பூர்க்காரர் மோர் குடித்துக்கொண்டு என் மகனிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய், காலையில் அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, "இந்த டயர் ஆகாது" என்று எப்படிச் சொல்வது? முப்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை என் டயரைப் பற்றி நான் சொன்னதே இல்லை. வாய்க்குப் பழக்கமில்லை. அடுத்த ரவுண்டில் மெதுவாக ஓட்டுவாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி சுட்டது. மூன்றாவது தடவை அந்த வளைவுக்கு வந்தபோது பின் சக்கரம் அவளை விட்டு வெளியே போனது. சட்டென்று போகவில்லை, கதவு திறப்பது மாதிரி நிதானமாகப் போனது. வண்டி வாலை ஆட்டியது. ஒரு கால் தரையில் உரசியது. அப்புறம் எப்படியோ நிமிர்ந்து, என் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். பக்கத்தில் மகன் எழுந்து நின்றிருந்தான்.

"உனக்குத் தெரியுதில்லம்மா?" என்றான்.

"உனக்கும் தெரியுதில்ல? போய்ச் சொல்றா உம் பொண்டாட்டிகிட்ட."

"நான் சொன்னா, அத்தையக் கொறை சொல்லாதீங்கன்னு எம்மேலதான் பாய்வா. ஒரு வாரமா அதான் நடக்குது ஊட்ல."

ஒரு வாரமாக வீட்டில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. எனக்குக் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு. அவளுக்கு மொட்டை டயர்தான் வேண்டியிருந்தது. என் சொல்லுக்காக அதை விட்டுவிட்டு, என் டயரில் உயிரை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். விழுந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றும் மனதில் ஓடியது. மாமியார் பார்த்துப் போட்ட டயர், மருமகள் போய்விட்டாள் என்று. இப்படி ஒரு நேரத்தில் ஊர்ப்பேச்சு நினைவுக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அவள் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதடு வெளுத்திருந்தது.

"நல்லாருக்குங்கத்தை" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு பொய்யைத்தான் தேடிப் பிடித்தேன். "எனக்குத் தலை சுத்துது அம்மிணி. வெயிலு ஆவல. ஊட்டுக்குப் போயர்லாம்."

நர்ஸிடம் தலை சுற்றுகிறது என்று சொல்லக் கூடாது. உடனே என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "பயப்படாதீங்கத்தை, உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி குடிச்சாச் சரியாப்போயரும்" என்று என்னைத் தாங்கிக்கொண்டு போய், இதற்குள் நிழல் விழுந்திருந்த பிக்கப்பின் முன் சீட்டில் படுக்க வைத்தாள். ஈரத் துண்டை நெற்றியில் போட்டாள். மகனைக் கடைக்கு விரட்டினாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கதவைச் சாத்தினாள்.

"அசையாம படுத்திருங்க. அரைமணி நேரம் உட்டு இன்னொரு ரவுண்டு இருக்குது. போயிட்டு ஓடி வந்தர்றேன்."

"நீ போவ வேண்டாம், இங்கியே இரு."

"பதினஞ்சு நிமிசங்கத்தை. நீங்க பாத்துக் குடுத்த டயரு இருக்குதில்ல, என்ன பயம்?"

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைத் தேற்றுவதற்காக அவள் சிரித்த சிரிப்பு அது. அந்த அரைமணி நேரம் ஈரத் துண்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு வண்டியின் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன டயர், நான் சொன்ன தலைசுற்றல் இரண்டும் என்னை உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தன. வெளியே ஒவ்வொரு வண்டியாக உறும ஆரம்பித்தது. அவள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். அதுவும் சேர்ந்துகொண்டது.

எழுந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மறந்தே போயிருந்தேன். டிரைவர் பக்கம் நகர்ந்து இறங்கலாம் என்றால், முழங்கால் கியர் கம்பியைத் தாண்டி வரமாட்டேன் என்றது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெளிப் பிடியை எட்டிப் பார்த்தேன். விரல் நுனிதான் பட்டது. மகனைக் காணோம். கொட்டகை வாசலில் திருப்பூர்க்காரர் மட்டும் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! இந்தக் கதவச் சித்த தொறந்து உடுங்க!"

ஓடி வந்தார். "மயக்கமுங்களாம்மா?"

"மயக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தொறங்க."

இறங்கி நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல ஆசை. என் முழங்காலுக்கு அது நடைதான். மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் விசில்காரர் விசிலை ஊதினார். ஊதட்டும் என்று போனேன். ரோட்டுக்குள் விடுவதற்காக வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அவள் ஐந்தாவதோ ஆறாவதோ. முன்னால் போய் நின்று, கையை நீட்டிச் சாவியைத் திருகி வண்டியை அணைத்தேன்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "அத்தை! என்னுங்க ஆச்சு?" என்றாள்.

"டயரு தப்பு."

"என்னுங்க?"

மற்ற வண்டிகளின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அந்த வார்த்தையை வாழ்க்கையில் ஒரு தடவை சொல்வதே பெரிது. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் சொன்னது தப்பு அம்மிணி! அந்த டயரு இங்க ஆவாது!"

"இல்லீங்கத்தை, நல்லாத்தான்..."

"பொய் சொல்லாத. நான் தொட்டுப் பாத்துட்டேன். எறங்கு."

விசில்காரர் என் தோளைத் தொட்டார். பின்னால் நின்ற ஒருவர் ஹாரன் அடித்தார். மருமகள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இவ்வளவு நேரம் எங்கேயோ வைத்திருந்த கோபம். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வரிசை அவளை விட்டுவிட்டுப் போனது.

சாயங்காலம் கடைசி ரவுண்டு ஒன்று மிச்சம் இருந்தது. மொட்டை டயரைக் காட்டி, "இதப் போடலாமாங்க?" என்று கேட்டாள். பழக்கத்தில் கேட்டாளா, வேண்டுமென்றே கேட்டாளா தெரியாது. என் பெருவிரல் தானாக மடங்கியது. விரித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது. இந்த ரோட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரக் கேளு."

திருப்பூர்க்காரர் கேலி செய்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செய்யவில்லை. "அம்மா சொன்ன டயரு மலைக்குச் சரிதானுங்க. அங்க இத மாட்டுனா மொத வளைவுலயே எறங்கிரும்" என்று எனக்கு ஒத்துப் பேசினார். அவர் நல்ல மனிதராக இருந்தது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அங்கேயே டயர் மாற்றும் மிஷின் வைத்திருந்தவரிடம் மகன் சக்கரங்களைக் கொண்டுபோய் மாற்றி வந்தான். காற்று எவ்வளவு என்று திருப்பூர்க்காரர் சொன்னார். முதல் இரண்டு சுற்று பொறுமையாகப் போய் டயரைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.

கடைசி ரவுண்டில் அந்த வளைவில் அவள் எட்டுத் தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சாய்ந்து போனாள். சக்கரம் அசையவில்லை. எதிரே ஒன்றும் வரவில்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது, கண்ணாடி மூடியிருந்தது.

திரும்பி மலை ஏறும்போது அவள் முதலில் ஏறவில்லை. எனக்கு வழி விட்டு நின்றாள். ஆகவே நான் நடுவில். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் அவள், கியர் கம்பி என் முழங்காலில். மேட்டுப்பாளையம் தாண்டினோம். வளைவுகள் ஆரம்பித்த பிறகு அவள் கேட்டாள்.

"அத்தை. மொத ரவுண்டு முடிஞ்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?"

மகன் ஸ்டீரிங்கை ஒடித்தான். அவள் மேல் சாய்ந்தேன். அடுத்த வளைவில் அவன் மேல் சாய்ந்தேன். நடுவில் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

"தெரிஞ்சுது."

"அப்பறம் ரெண்டாவதுக்கு என்னெ ஏனுங்க அனுப்புனீங்க?"

சத்தத்தில் நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை என்று சொல்லலாம். சந்தேகமாகத்தான் இருந்தது என்று சொல்லலாம். இரண்டும் வாய் வரை வந்தன.

"அந்தத் திருப்பூர்க்காரர் முன்னால சொல்ல வாய் வரல அம்மிணி. அவ்வளவுதான்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. பர்லியார் வந்து போகும் வரைக்கும் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எம்மேலயும் தப்பு இருக்குதுங்க" என்றாள் கடைசியில். "கடையிலயே அடிச்சுச் சொல்லியிருக்கோணும். நீங்க நகத்த வெச்சீங்கன்னா எனக்கு வாய் அடைச்சுக்குது."

"ஏன், நான் என்ன கடிச்சா வெப்பேன்?"

"கடிக்க மாட்டீங்க. மூணு நாளைக்குப் பேச மாட்டீங்க."

"நாலு நாளு" என்றான் மகன்.

"நீ ரோட்டப் பாருடா" என்றேன்.

அவன் பார்த்தான். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, கண்ணைத் துடைத்தாளா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்க எனக்கு இடம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் என் தோளில் வந்து இடித்தது. மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை, இன்றுவரைக்கும். நானும் கேட்கவில்லை. குன்னூர் வரைக்கும், அங்கிருந்து மஞ்சூர் வரைக்கும், மூன்று பேரும் அப்படியே இடித்துக்கொண்டு ஏறினோம்.